கிருஷ்ணகிரி, தருமபுரி தொழிற்கூடங்களுக்கு: நிலைத்தன்மை இலக்கு வைப்பதும் செயல்திட்டம் போடுவதும் – முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் எந்திர உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறை நடத்துபவர் என்றால், உங்கள் பெரிய வாடிக்கையாளரிடமிருந்து ஒரு எக்செல் கோப்பு இந்நேரம் வந்திருக்கும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "2030-க்கான உங்கள் இலக்கு என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். பிறகு அக்கவுண்ட்ஸில் இருக்கும் யாராவது "30 சதவீதம் குறைப்போம்" என்று நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பக்கத்து கம்பெனிக்காரர் அதைத்தான் எழுதினார் என்பது உண்மையான பதிலாக இருக்கலாம்.

மின்சாரம், தண்ணீர், கழிவு போன்றவற்றை இத்தனை ஆண்டில் இவ்வளவு குறைப்போம் என்ற உறுதியைத்தான் நிலைத்தன்மை இலக்கு என்கிறோம். நாமே நின்று விளக்கக்கூடிய ஒரு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை அடையும் வேலையை யாரிடம் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் இடத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்று தனித் துறையே இருக்கிறது.

ஏன் இப்போது கேட்கிறார்கள்?

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக் கணக்கைக் காட்டும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கை முறையை 2021-இல் கொண்டுவந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். அவர்கள் தங்கள் கணக்கை மட்டும் சொன்னால் போதாது, பொருள் வழங்குபவர்களின் கணக்கையும் சொல்லவேண்டும் என்ற திசையில் விதிகள் நகர்ந்தன. 2025-இல் செபி அந்தப் பகுதியைத் தளர்த்தி, விருப்பம் இருந்தால் தரலாம் என்று ஆக்கியது. ஆனாலும் வாடிக்கையாளர்கள் கேட்பதை நிறுத்தவில்லை.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை கார்பன் வரி முறை (இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம்) 2023 அக்டோபரில் அறிக்கை தருவதோடு தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம் இதில் வருகின்றன. போல்ட், நட், ஸ்க்ரூ வகைகளும் வருகின்றன என்பதைச் சிலர் இன்னும் கவனிக்கவில்லை.

இவர்கள் யாரும் கேட்காவிட்டாலும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அது தண்ணீர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதை ஓசூர்க்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பில்லை எடுத்துப் பாருங்கள், அதுவே போதுமான காரணம்.

முதல் படி: ஒரு ஆள், ஒரு கையெழுத்து

கமிட்டி போடுவதற்கு முன் ஒருவரை நியமியுங்கள். என் அனுபவத்தில் இதற்குப் பொருத்தமானவர் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். ஹெச்.ஆரிடம் கொடுத்தால் இது சுவரொட்டி வேலையாகிவிடும், குவாலிட்டியிடம் கொடுத்தால் ஃபைல் வேலையாகிவிடும். கம்ப்ரஸர் எங்கே கசிகிறது, எந்த பம்ப் இரவில் வீணாக ஓடுகிறது என்று தெரிந்தவர் மெயின்டனன்ஸ்காரர்தான். ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், ஹெச்.ஆர். ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொருவர் அவருக்குத் துணையாக இருந்தால் போதும்.

முதலாளியின் வேலை இரண்டு. ஒன்று, இந்தப் பொறுப்பை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது. இரண்டு, ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் தன்னைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்று அனுமதி தருவது. ஏர் லைன் ஃபிட்டிங் மாற்றுவதற்கெல்லாம் அனுமதிக் கடிதம் சுற்றினால் இந்த வேலை நகராது.

இரண்டாவது படி: எதுவரை நம் கணக்கு?

சிப்காட்டில் ஒரு ஷெட், ஊருக்கு வெளியே வாடகைக்கு ஒரு குடோன், தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்று என்று இருந்தால், எவையெல்லாம் கணக்கில் வரும் என்று முதலிலேயே எழுதிவையுங்கள். எளிய விதி: எங்கே நீங்கள் சொன்னபடி வேலை நடக்குமோ அது உங்கள் கணக்கு. வாடகைக் கட்டடமாக இருந்தாலும் அப்படித்தான்.

கார்பன் கணக்கை, அதாவது பூமியைச் சூடேற்றும் வாயுக்களை எவ்வளவு வெளியிடுகிறோம் என்பதை, உலகம் முழுக்க மூன்று பிரிவாகப் போடுகிறார்கள். நீங்கள் நேரடியாக எரிப்பது முதல் பிரிவு: ஜெனரேட்டர் டீசல், பாய்லர், கேன்டீன் கேஸ், சொந்த வண்டி. ஏ.சி.யிலிருந்து கசியும் கேஸும் இதில் சேரும். வாங்கும் மின்சாரம் இரண்டாவது பிரிவு. வாங்கும் மூலப்பொருள், லாரி வாடகை, ஆட்கள் வேலைக்கு வந்து போவது போன்ற மற்ற எல்லாம் மூன்றாவது பிரிவு. ஆரம்பத்தில் முதல் இரண்டையும் சுத்தமாகப் போடுங்கள். மூன்றாவதில் மிகப் பெரிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எது என்று கீழே வரும்.

மூன்றாவது படி: பில்லைத் தேடி எடுங்கள்

பன்னிரண்டு மாத ஈ.பி. பில், டீசல் ரசீது, கேஸ் சிலிண்டர் எண்ணிக்கை, தண்ணீர் லாரி ட்ரிப், ஸ்கிராப் விற்ற பில், பழைய ஆயில் கொடுத்த ரசீது. இவ்வளவும் அக்கவுண்ட்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. ரூபாயில்தான் இருக்கும், அளவாக மாற்றவேண்டும். புதிதாக சாஃப்ட்வேர் வாங்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு எக்செல் போதும்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைப் பட்டறையை வைத்துக்கொள்வோம். ஓசூரில் 60 பேர், இரண்டு ஷிஃப்ட், ஆண்டுக்கு 600 டன் உதிரிபாகம். மின்சாரம் ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட். ஜெனரேட்டருக்கு 6,000 லிட்டர், வேனுக்கு 3,000 லிட்டர் டீசல். கேன்டீனுக்கு மாதம் நான்கு பெரிய சிலிண்டர், ஒவ்வொன்றும் 19 கிலோ.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. ஒரு கிலோ எல்.பி.ஜி.க்குச் சுமார் 3 கிலோ. பெருக்கிப் பாருங்கள்:

- மின்சாரம்: 210 டன்
- ஜெனரேட்டர் டீசல்: 16 டன்
- வேன்: 8 டன்
- கேன்டீன்: 3 டன்னுக்கும் கொஞ்சம் குறைவு

மொத்தம் சுமார் 237 டன். அதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் மின்சாரம். "கேன்டீனில் சோலார் அடுப்பு வைக்கலாமா" என்று ஒரு மணி நேரம் பேசும் கூட்டத்துக்கு இந்த நான்கு வரிகளை எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சு தானாகக் கம்ப்ரஸர் பக்கம் திரும்பும்.

இப்போது மூன்றாவது பிரிவு. இந்தப் பட்டறை 600 டன் பாகம் செய்ய 750 டன் எஃகு வாங்குகிறது என்று வைப்போம். மீதி 150 டன் சுருள் சுருளாக ஸ்கிராப்பில் போகிறது. இந்தியாவில் ஒரு டன் எஃகு செய்வதற்கு சராசரியாக 2.5 டன் அளவுக்குக் கார்பன் வெளியாகிறது. 750 டன்னுக்கு 1,875 டன்! பட்டறையின் மொத்த மின்சாரம், டீசல் எல்லாம் சேர்த்ததைப் போல ஏழெட்டு மடங்கு. ஆக, ராடை வெட்டும் நீளத்தை ஒழுங்குபடுத்தி, ரிஜெக்‌ஷனைக் குறைத்து, வாங்கும் எஃகில் ஆண்டுக்கு 10 டன் மிச்சப்படுத்தினால் அதுவே 25 டன் கார்பன். இதை சுற்றுச்சூழல் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் எப்படியும் செய்ய விரும்பும் வேலைதான், இந்தப் பட்டியலிலும் அதற்கு இடம் கொடுங்கள்.

மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. வேலை முக்கால்வாசி மே மாதம் தொடங்கி சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. மா ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறுவருடம் குறைகிறது. நல்ல காய்ப்பு வருடத்தை அடிப்படை ஆண்டாக (ஒப்பிட்டுப் பார்க்கும் தொடக்க ஆண்டாக) வைத்தால், அடுத்த வருடம் ஒன்றுமே செய்யாமல் "30 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று அறிக்கை தரலாம். அதற்கடுத்த வருடம் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் மூன்று சீசன் சராசரியை அடிப்படையாக எடுங்கள். எல்லாக் கணக்கையும் ஆலைக்குள் வந்த ஒரு டன் பழத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள்: டன்னுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட்.

விறகு, வேர்க்கடலைத் தொலி கட்டி போன்றவற்றை எரிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடை மொத்தத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்டவேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு முறை. அதற்காக விறகு சும்மா கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. பாய்லருக்குத் திரும்பி வரும் நீராவித் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மறுபடி டேங்குக்குக் கொண்டுவாருங்கள். பாய்லருக்குள் போகும் ஊட்டுநீரின் வெப்பநிலை ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். கடைசிக் கழுவலுக்குப் பயன்பட்ட தண்ணீரை முதல் கழுவலுக்குத் திருப்பிவிட்டால் நல்ல தண்ணீர் செலவு கண்கூடாகக் குறையும்.

தோலையும் கொட்டையையும் பின்பக்கம் குவித்துவைப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை. குவியல் உள்ளே அழுகினால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 27, 28 மடங்கு சூடேற்றும். தோல் அன்றன்றைக்கு மாட்டுத் தீவனத்துக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ போகவேண்டும். கொட்டையைக் காயவைத்து எரிபொருளாக்கலாம். "சீசன் முடிந்ததும் அப்புறப்படுத்துவோம்" என்பதை இலக்காக எழுதாதீர்கள். "எந்தக் குவியலும் 48 மணி நேரத்துக்கு மேல் கிடக்காது" என்று எழுதுங்கள். அதை யாரும் போய்ப் பார்த்துச் சொல்லமுடியும்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்குச் சக்கையான திப்பியும் கழிவு நீரும் இதே கதைதான். கிரானைட் பட்டறைகளுக்கு அறுக்கும் தண்ணீரைத் தெளியவைத்துச் சுற்றுக்கு விடுவதும், கல் சேற்றை எங்கே கொட்டுகிறோம் என்பதும் முதல் இரண்டு வரிகளாக இருக்கவேண்டும்.

நான்காவது படி: எது முக்கியம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் இலக்கு வைக்காதீர்கள். ஐந்துக்கு மேல் போனால் ஒன்றும் நடக்காது. ஒரு தாளில் வேண்டியதை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதனால் வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு பாதிப்பு? இது நின்றுபோனால் அல்லது விலை ஏறினால் நம் தொழிலுக்கு எவ்வளவு அடி? இரண்டிலும் மேலே நிற்பவற்றை மட்டும் எடுங்கள்.

ஒரு பட்டறைக்குப் பெரும்பாலும் இப்படி வரும்: மின்சாரம், தண்ணீர், ஸ்கிராப், ஆபத்தான கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு. கடைசியில் இருப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரஸ் மெஷினில் விரல் போகும் பட்டறை எத்தனை சோலார் பலகை வைத்தாலும் வாடிக்கையாளரின் தணிக்கையில் தேறாது, தேறவும் கூடாது. வடமாநிலத் தொழிலாளர் தங்கும் அறையில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம், ஒப்பந்தக்காரர் குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் கட்டுகிறாரா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் புகாருக்கான உள்குழு இருக்கிறதா என்பவையும் இதே கோப்பில் வரும் கேள்விகள்தான். கடைசியாகச் சொன்ன இரண்டும் ஏற்கெனவே சட்டம். சட்டத்தில் இருப்பதை இலக்கு என்று எழுதினால், இதுவரை மீறிக்கொண்டிருந்தோம் என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். அதைச் சத்தமில்லாமல் முதல் மாதத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

மரக்கன்று பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 5 அன்று கேட்டுக்குப் பக்கத்தில் கன்று நட்டு போட்டோ எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் போட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் அதை இந்த ஐந்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஐந்தாவது படி: இலக்கு எண்ணை வைப்பது

இதைத்தான் அவசரப்பட்டு முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எண் இரண்டு திசையிலிருந்து வரவேண்டும். மேலிருந்து ஒன்று: பூமியின் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் வைக்க, ஒரு நிறுவனம் அடிப்படை ஆண்டின் அளவில் ஆண்டுக்கு 4.2 சதவீதம் வீதம் குறைக்கவேண்டும் என்பது பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் அறிவியல் அடிப்படையிலான கணக்கு. ஐந்தாண்டுக்கு 21 சதவீதம். நம் கற்பனைப் பட்டறைக்கு 237-இல் சுமார் 50 டன்.

கீழிருந்து இன்னொன்று: நம் கையில் இருக்கும் வேலைகள் எவ்வளவு தரும்?

கம்ப்ரஸரிலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 60,000 யூனிட் இழுக்கிறது என்று வைப்போம். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்றபிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். காற்றை யாருமே பயன்படுத்தாதபோது அது லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று கடிகாரத்தில் குறியுங்கள். ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் ஓய்வு என்றால், ஆறு நிமிடத்தில் ஒன்றரை, அதாவது 25 சதவீதக் காற்று கசிந்து போகிறது. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில் சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும். சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு லைன் முழுக்க நடந்தால் ஒரு நாளில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும். கசிவை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 9,000 யூனிட் மிச்சம். அழுத்தத்தை ஒரு பார் குறைக்கமுடிந்தால் மேலும் 6, 7 சதவீதம், அதாவது 3,500 யூனிட் பக்கம். இரண்டும் சேர்த்து கிட்டத்தட்ட 9 டன்.

அடுத்து மின்விசிறி. பழையது 75 வாட், குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவுதான். 60 விசிறி, நாளுக்கு 16 மணி நேரம், 300 நாள் என்றால் ஆண்டுக்கு சுமார் 13,000 யூனிட், 9 டன். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு விசிறிக்கு 3,000 ரூபாய் ஆனாலும் போட்ட பணம் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

கூரையில் சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, ஆண்டுக்கு 1,400 யூனிட் என்று அடக்கமாகவே கணக்கிடுங்கள். 50 கிலோவாட்டுக்கு 70,000 யூனிட், 49 டன். விற்பவர் அதிகம் சொன்னால், ஞாயிறு விடுமுறையில் உற்பத்தியாவது எங்கே போகும் என்று கேளுங்கள். ஈ.பி. கட்டணமும் கணக்கிடும் முறையும் இணைப்பு வகையைப் பொறுத்து மாறும். அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் ஈ.பி. அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கூரைத் தகடு பழையதாக இருந்தால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். இதை விலைப்புள்ளியில் யாரும் எழுதமாட்டார்கள்.

மூன்றும் சேர்ந்து 67 டன். தேவை 50. அப்பாடா, தாண்டிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் தொழில் வளர்ந்தால்?

ஐந்தாண்டில் உற்பத்தி 20 சதவீதம் கூடி 720 டன் ஆகிறது, மின்சாரமும் அதே அளவு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடும் 60,000 யூனிட்டுக்கு 42 டன். டீசல் கூடாமல் பார்த்துக்கொண்டாலும் 237, 279 ஆகி, அதில் 67 போய் 212-இல் நிற்கும். மொத்தத்தில் குறைந்தது வெறும் 10.5 சதவீதம். ஆனால் ஒரு டன் உற்பத்திக்குப் பார்த்தால் 395 கிலோவிலிருந்து 294 கிலோவாக, சுமார் 25 சதவீதம் குறைந்திருக்கிறது.

இரண்டுமே உண்மை. எதைச் சொல்வது? இரண்டையும் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. "ஒரு டன் உற்பத்திக்கான கார்பனை 2029-30-க்குள் 25 சதவீதம் குறைப்போம். உற்பத்தி கூடினாலும் மொத்த அளவு 2024-25 அளவைத் தாண்டாது, 10 சதவீதமாவது குறையும்." வாடிக்கையாளர் மொத்த அளவில் 21 கேட்டால், இன்னும் 25 டன் எங்கிருந்து வரும் என்பது தெளிவான கேள்வியாகிவிட்டது. இன்னொரு 25, 30 கிலோவாட் சோலாரா, வெளியிலிருந்து காற்றாலை மின்சாரம் வாங்குவதா, பழைய மோட்டார்களை மாற்றுவதா என்று உட்கார்ந்து பேசலாம். எக்செல் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு 30 எழுதியவரால் இந்தப் பேச்சையே தொடங்கமுடியாது.

தண்ணீருக்கும் இதே மாதிரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்றால் 60 பேருக்கு, 300 நாளில் 8.1 லட்சம் லிட்டர். 1,000 சதுர மீட்டர் கூரையில், ஆண்டு மழை 800 மி.மீ. என்று வைத்து, வழியில் வீணாவது போக 80 சதவீதம் பிடித்தால் 6.4 லட்சம் லிட்டர். தாளில் முக்கால்வாசித் தேவை தீர்ந்துவிட்டது. நடைமுறையில் அவ்வளவு பெரிய தொட்டி யாரிடமும் இல்லை, மழையும் சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். ஒரு பங்கைத் தொட்டியிலும் மீதியைப் போர்வெல் பக்கத்தில் உறிஞ்சுகுழியிலும் விடுங்கள். கூரைத் தண்ணீரை மட்டும். தரையில் ஆயில் சிந்தும் இடத்துத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அந்தக் குழிக்குள் போகக்கூடாது. ஆர்.ஓ. ஒதுக்கும் தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பிவிடுவது இங்கே மிக எளிதாகக் கிடைக்கும் மிச்சம். இலக்காக "வாங்கும் லாரித் தண்ணீரை மூன்று ஆண்டில் பாதியாக்குவோம்" என்று எழுதலாம். அளப்பது சுலபம், பில் இருக்கிறது.

ஆறாவது படி: செயல்திட்டம்

ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விஷயம் இருந்தால்தான் அது திட்டம்: என்ன வேலை, எந்த ஆள், எந்த மாதத்துக்குள், எவ்வளவு பணம், எந்த மீட்டரில் தெரியும். ஒன்று குறைந்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாதிரிக்கு:

- கம்ப்ரஸர் கசிவை 25-லிருந்து 10 சதவீதமாக்குவது. பொறுப்பு: மெயின்டனன்ஸ் ஷிஃப்ட் சூப்பர்வைசர். செப்டம்பருக்குள். ஃபிட்டிங், ஹோஸ் செலவு. கம்ப்ரஸருக்குத் தனி மீட்டர், மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சோதனை.
- பழைய கட்டிங் ஆயில், எண்ணெய்த் துணி ஆகியவற்றை அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுப்பது. பொறுப்பு: ஸ்டோர்ஸ். உடனே. செலவு கிட்டத்தட்ட இல்லை. ரசீதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவேடும் ஒத்துப்போகவேண்டும்.
- ராடு வெட்டும் நீளத்தை மாற்றி ஸ்கிராப்பைக் குறைப்பது. பொறுப்பு: புரொடக்‌ஷன். மார்ச்சுக்குள். வாங்கிய எஃகு, அனுப்பிய பாகம், இரண்டின் எடைச்சீட்டு.

"விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று ஒரு வரி எல்லாத் திட்டத்திலும் இருக்கும். எந்த மீட்டரில் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

வரிசை விஷயத்தில் என் வழி இது: முதல் ஆறு மாதம் பணம் அதிகம் தேவைப்படாத கசிவு, அணைத்தல், அளத்தல் வேலைகள். அதில் மிச்சமாகும் பணத்தைத் தனிக் கணக்கில் காட்டச் சொல்லி, அடுத்த வேலைக்கு அதையே கேளுங்கள். முதலாளிக்கு இது பிடிக்கும். சோலாரைக் கடைசியில் போடுங்கள். கசிவை அடைக்காமல் சோலார் போட்டால், கசியும் காற்றுக்கும் சேர்த்துப் பலகை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பணம் எங்கே கிடைக்கும்?

சிறு, குறு தொழில்களுக்கு குறையும் மாசும் இல்லாத உற்பத்திக்கான மத்திய அரசின் ஜெட் (ZED) சான்றிதழ் திட்டம் உண்டு, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் மானியம். மாநில அரசின் பீஸ் (PEACE) என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைச் செலவுக்கும், தணிக்கையில் சொன்னபடி வாங்கும் எந்திரத்துக்கும் உதவி கிடைக்கும். இப்போதைய வரம்பு என்ன என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்திரம் வாங்கிவிட்டுப் போய் மானியம் கேட்காதீர்கள். எந்தக் காகிதம் முதலில் வேண்டும் என்று கேட்டபிறகு ஆர்டர் கொடுங்கள்.

ஏழாவது படி: ஆட்களைச் சேர்ப்பது

மெஷின் ஆபரேட்டருக்கு டன் கணக்கில் கார்பனைச் சொல்லிப் பயனில்லை. "உன் லைனில் இந்த மாதம் இத்தனை யூனிட், போன மாதத்தைவிட இவ்வளவு குறைவு" என்று மெஷின் பக்கத்திலேயே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சீட்டு கட்டுபவருக்கு மாதம் ஒரு சின்னப் பரிசு. இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் ஆட்கள் இருந்தால் பலகையில் அந்த மொழியும் இருக்கட்டும். எங்கே சத்தம் வித்தியாசமாக வருகிறது என்று நைட் ஷிஃப்ட்காரருக்குத் தெரிவதுபோல எந்த ஆலோசகருக்கும் தெரியாது. "அண்ணே, மூணாவது லைன்ல உஸ்ஸுனு சத்தம் வருதுண்ணே" என்று அவர் வந்து சொன்னால், அன்றைக்கே போய் அடையுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் அவர் மறுபடி சொல்லமாட்டார்.

எட்டாவது படி: மாதம் அரை மணி நேரம்

ஒவ்வொரு மாதமும் ஈ.பி. ரீடிங் எடுத்த வாரத்தில் ஒரு கூட்டம். ஐந்து இலக்கு, ஐந்து எண், பச்சையா சிவப்பா. சிவப்பாக இருந்தால் காரணமும் அடுத்த தேதியும் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படைக் கணக்கையே திரும்பிப் பாருங்கள். புதிய ஷெட் சேர்ந்தாலோ, வெளியே கொடுத்துச் செய்த ஹீட் ட்ரீட்மென்ட்டை உள்ளே கொண்டுவந்தாலோ அடிப்படை ஆண்டின் எண்ணையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். இல்லாவிட்டால் ஆப்பிளையும் மாங்காயையும் ஒரே தராசில் போட்ட கதையாகிவிடும். திருத்தினால் ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள், தணிக்கைக்கு வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

வெளியே சொல்லும்போது

சுற்றுச்சூழல் பெயரில் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. "பசுமையான", "இயற்கைக்கு உகந்த", "கார்பன் இல்லாத" என்றெல்லாம் போட்டால் ஆதாரம் கையில் இருக்கவேண்டும். கூழ் டின்னில் இப்படி ஒரு சொல் அச்சடிக்கும் முன் யோசியுங்கள்.

வாடிக்கையாளரின் கோப்பை நிரப்பும்போது எண்ணோடு அது எந்தப் பில்லிலிருந்து வந்தது, எந்தப் பெருக்கு எண்ணை (யூனிட்டுக்கு 0.7 கிலோ என்பது போல) பயன்படுத்தினீர்கள், எதைச் சேர்க்கவில்லை என்று மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள். இலக்கைத் தவறவிட்ட ஆண்டிலும் அந்த எண்ணையே அனுப்புங்கள். இரண்டு ஆண்டுக் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, எது பில்லிலிருந்து வந்த எண், எது கண்ணை மூடிக்கொண்டு எழுதியது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தபிறகு அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "எந்த மாதம் பட்டறைக்கு வந்து பார்க்கலாம்?" என்பதாக இருக்கும். அந்த மாதத்துக்கு முன் கம்ப்ரஸர் மீட்டரையும் கழிவுப் பதிவேட்டையும் தயாராக வையுங்கள்.